நானுஓயா மழையும் ஒன்பது நாள் குட்டியும்

கேள்வி: நானுஓயாவுக்குக் கீழே, தேயிலை மலையை ஒட்டினாற்போல் ஒரு ஏக்கர் காணியில் இரண்டு மட்டக்குதிரைகள் வளர்க்கிறேன். சித்திரை சீசனுக்கு நுவரெலியாவில் சவாரிக்குக் கொண்டுபோவேன். வெள்ளச்சி ஒன்பது நாளைக்கு முன் ஆண் குட்டி போட்டது. ராணியிடம் நாலு மாதப் பெட்டைக்குட்டி இருக்கிறது. மழை விடுவதாக இல்லை. மாமனார் சொன்னபடி தகரக் கொட்டிலைச் சுற்றிப் படங்கு கட்டி, நாலு பேரையும் மூன்று நாளாக உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சான், நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் லாயம் கட்டிக் கொடுத்தார்கள், அவிழ்த்து விடு என்கிறார். நேற்றிலிருந்து சின்னக் குட்டி லேசாக இருமுகிறது. யார் பேச்சைக் கேட்பது ஐயா?

பதில்:

தம்பி, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சின்னக் குட்டி இருமுகிறது என்று, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளேயா வெளியேயா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இதைப் படித்ததும் மூன்று காரியம் செய்யுங்கள்.

பார்மசியில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, குட்டியின் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 37.5க்கும் 38.9க்கும் நடுவில் இருந்தால் சரி. 39ஐத் தாண்டினாலோ 37க்குக் கீழே இறங்கினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், வைத்தியரைக் கூப்பிடுங்கள். அப்புறம், குட்டி படுத்துத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓடி விளையாடிவிட்டு வந்து நிற்கும்போது எண்ணினால் கணக்கு வராது. தூக்கத்தில் 40க்கு மேல் போனால், அல்லது மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினால், அதுவும் இன்றைக்கே காட்ட வேண்டிய குட்டி. மூன்றாவது வெள்ளச்சியின் மடி. இந்த வயதுக் குட்டி ஒரு மணி நேரத்தில் பல தடவை பால் குடிக்கும், அதனால் மடி தளர்வாகவே இருக்கும். மடி விம்மி, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தால் குட்டி குடிக்கவில்லை என்று அர்த்தம். குதிரைக் குட்டி நோயை மறைக்கும், தாயின் மடி மறைக்காது. பெரும்பாலான நேரம் காய்ச்சல் தெரியும் முன்பே மடி சொல்லிவிடும்.

மூன்றும் சரியாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் சொல்லி ஒரு தடவை நெஞ்சைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்பது நாளில் வரும் இருமலை நான் லேசாக எடுப்பதில்லை. அங்கே மாடுதான் அதிகம் பார்ப்பார்கள், குதிரை எப்போதாவதுதான் வரும், ஆனாலும் ஸ்டெதஸ்கோப்புக்கு மாடும் குதிரையும் ஒன்றுதான். தயங்காமல் கூப்பிடுங்கள்.

நாலாவது காரியம் ஒன்று உண்டு, அதற்கு வைத்தியர் தேவையில்லை. அந்தப் படங்கின் மேல் பாதியை இப்போதே அவிழ்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், உங்கள் மாமனார் சொன்னதையே நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பேராதனையில் மிருக வைத்தியம் படித்து முடித்து வந்த புதிது. தலவாக்கலைப் பக்கம் ஒருவர், இதே ஆனி மாதம், பத்துப் பன்னிரண்டு நாள் குட்டியோடு ஒரு குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். குளிர்காற்று படாமல் நன்றாக அடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பாவம், சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் சாக்கைத் திணித்தார். நாலாம் நாள் விடியற்காலை கூப்பிட்டார். கதவைத் திறந்ததும் மூத்திர நெடி முகத்தில் அடித்தது, ஆனால் நின்றுகொண்டிருந்த வரைக்கும் தாங்க முடிந்தது. குட்டியைப் பார்க்க முட்டி போட்டுக் குனிந்தேன் பாருங்கள், அதன் மூக்கு இருந்த உயரத்துக்கு என் மூக்கு போனதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது, ஒரு மூச்சு முழுதாக இழுக்க முடியவில்லை. தகரத்தின் உட்புறம் முழுக்க வரிசை வரிசையாக நீர்த்துளிகள். ஒவ்வொன்றாகக் குட்டியின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தன. வெளியே மழை நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, குட்டி மட்டும் உள்ளே நனைந்துகொண்டிருந்தது. நியூமோனியா. மருந்து கொடுத்தோம், ஊசி போட்டோம், பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தக் கொட்டிலுக்குப் போனாலும் முதலில் முட்டி போட்டுத்தான் மூச்சு இழுத்துப் பார்க்கிறேன். நீங்களும் இன்று இரவு அதைச் செய்யுங்கள். குட்டி படுக்கும் இடத்தில், அதன் உயரத்துக்குக் குனிந்து, பத்து மூச்சு. கண் எரிந்தால் அந்த இடம் குட்டிக்கு ஆகாது.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உள்ளேயே விறகடுப்பு, மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் புகை தலைக்கு மேலே கம்பளம் மாதிரி தொங்கும். வீட்டில் ஆள் மாற்றி ஆள் இருமுவோம். குளிரால் வந்த இருமல் என்றுதான் எல்லாரும் சொன்னோம், இன்னும் நல்லா மூடு என்றுதான் அம்மா சொல்வாள். அடைத்த காற்று என்ன செய்யும் என்று நம் மலையகத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் மிருகம் என்று வரும்போது நாமே மறந்துவிடுகிறோம். ஒரு மட்டக்குதிரை ஒரு நாளைக்கு 5 முதல் 10 லீற்றர் வரை மூத்திரம் பெய்யும். உங்கள் கொட்டிலில் இரண்டு தாய், இரண்டு குட்டி, மூன்று நாள். மூச்சில் வரும் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே பெய்யும் மழையை விட உள்ளே சேரும் ஈரம்தான் இப்போது உங்கள் எதிரி.

சரி, அப்படியானால் மச்சான் சொல்வது சரியா? பாதி.

வளர்ந்த குதிரைக்கு மழை பெரிய விஷயமே இல்லை. நம் அம்மாக்கள் கொழுந்து பறிக்கும்போது தலையில் போட்டுக்கொண்ட கம்பளியை நினைத்துப் பாருங்கள், மேலே தண்ணீர் முத்து முத்தாக ஓடும், உள்ளே தலைமுடி காய்ந்திருக்கும். குதிரையின் மயிரும் அப்படித்தான். மேல்மயிர் தண்ணீரை வழித்து விடும், அடியில் இருக்கும் காற்று சூட்டைப் பிடித்து வைக்கும். மழையில் நிற்கும் ராணியின் முதுகில் விரலை வைத்து மயிரைப் பிளந்து தோல் வரைக்கும் தொட்டுப் பாருங்கள். மேலே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் அடியில் காய்ந்து சூடாக இருந்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. போதாதற்கு, புல்லும் வைக்கோலும் அவள் பெருங்குடலில் புளிக்கும்போது உள்ளுக்குள்ளேயே ஒரு அடுப்பு எரிகிறது. வயிறு நிறைய நார்த்தீவனம் இருக்கும் குதிரை 15, 16 பாகைக் குளிரில், தூறலில், நிம்மதியாக நிற்கும்.

குட்டிக்கு அந்த அடுப்பு இன்னும் பற்ற வைக்கப்படவில்லை. பாலைக் குடித்துத்தான் சூட்டைக் காக்க வேண்டும், உடம்பில் கொழுப்பும் கிடையாது, மயிரும் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு 20 பாகைக்குக் கீழே போனாலே உடல் சூட்டைக் காக்கக் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டியிருக்கும், அதாவது நானுஓயாவின் ஆனி மாதப் பகலே அதற்குக் குளிர்காலம். காய்ந்திருந்தால் சமாளித்துவிடும். நனைந்து, கூடவே காற்றும் அடித்தால் குடிக்கிற பாலெல்லாம் சூட்டுக்கே போய்விடும், வளர்வதற்கு மிஞ்சாது. மழை, காற்று, குளிர் மூன்றில் ஒன்று தனியாக வந்தால் பயப்படாதீர்கள். மழையும் காற்றும் கைகோத்து வரும் நாள்தான் சின்னக் குட்டி உள்ளே இருக்க வேண்டிய நாள்.

நெடுந்தீவுக் கதைக்கு வருகிறேன். மச்சான் சொல்வது உண்மைதான், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை அங்கே கூரை இல்லாமல் திரிகின்றன. ஆனால் அது தட்டையான, வெயில் காயும் தீவு. அந்தக் குதிரைகளின் கஷ்டம் வறட்சியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காதது. இங்கே உங்கள் பிரச்சினை நேர் எதிர். அதோடு அங்கே எத்தனை குட்டி பிறந்து எத்தனை பிழைக்கிறது என்று யாரும் கணக்கு வைத்துக்கொண்டு நிற்பதில்லை, உங்களிடம் இருப்பதோ இரண்டே இரண்டு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இணையத்தில் இங்கிலாந்துக்காரர்களின் வீடியோ பார்த்துவிட்டு என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பனியில்கூடக் குதிரையை வெளியே விடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. குதிரைக்குக் குளிர்கால மயிர் அடர்த்தியாக முளைக்க வேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது முக்கியமாகப் பகலின் நீளம்தான். அங்கே குளிர்காலத்தில் பகல் பாதியாகச் சுருங்கிவிடும், மயிர் கரடி மாதிரி வளரும். நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை. நுவரெலியாவின் குளிரில் நிற்கும் நம் குதிரைக்கு, குளிர்நாட்டுக் குதிரையின் சட்டை கிடையாது. அதே காரணத்தால் நம் குதிரைகள் எந்த மாதமும் சினைக்கு வரும், குட்டியும் எந்த மாதமும் விழும். அங்கே குட்டி வசந்த காலத்தில் பிறக்கும், இங்கே வெள்ளச்சி மாதிரி நட்ட நடு மழையில் போடும். அவர்கள் வழக்கத்தை அப்படியே எடுத்து நம் மலையில் வைக்க முடியாது.

இனி உங்கள் வீட்டு நிலைமைக்கு என் முடிவு.

வெள்ளச்சியும் குட்டியும் இரவில் உள்ளே. பகலில் மழை விடும் இடைவெளி பார்த்து, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வெளியே. வெறும் தூறல், காற்று இல்லை என்றாலும் அரை மணி நேரமாவது விடுங்கள், ஏனென்றால் இந்த வயதில் ஓடினால்தான் கால் நரம்பு இறுகும், எலும்பு பலப்படும், கொட்டிலில் நின்றே வளர்ந்த குட்டியின் முன்னங்கால் பிறகு காட்டிக்கொடுக்கும். திரும்பக் கொண்டுவந்ததும் அதே விரல் சோதனை. தோல் வரைக்கும் நனைந்திருந்தால் காய்ந்த சாக்கால் மயிரின் எதிர்த் திசையில் தேய்த்துக் காய வையுங்கள். குட்டி மேல் சாக்கையோ போர்வையையோ கட்டி விடாதீர்கள். நனைந்த சாக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பதை விட மோசம், கால் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். ஒரு மாதம் தாண்டிவிட்டால் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தலாம்.

ராணியும் அவள் பெட்டைக்குட்டியும் பகல் முழுக்க வெளியே இருக்கலாம், மழை பெய்தாலும். ஆனால் ஒதுங்குவதற்கு மூன்று பக்கம் மறைத்து ஒரு பக்கம் திறந்த ஒரு பந்தல் வேண்டும், காற்று தென்மேற்கிலிருந்து வரும் என்பதால் திறந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். அவர்கள் அதற்குள் போகவே இல்லை என்றால் வருத்தப்படாதீர்கள், போக இடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மரத்தடி போதுமே என்று நினைக்காதீர்கள், யூக்கலிப்டஸ் மரம் மழையைத் தடுக்காது, ஐப்பசியில் இடி மின்னல் வரும்போது உயரமான தனி மரத்தடிதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம்.

இரவில் மட்டும் நாலு பேரும் உள்ளே, மழை பெய்தாலும் நிலா காய்ந்தாலும். காரணம் மழை இல்லை, சிறுத்தை. தேயிலை மலையை ஒட்டிய காணி என்று எழுதியிருக்கிறீர்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று நம் பக்கம் முழுக்கத் தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, லயத்து நாயைத் தூக்கிப் போவது எல்லாரும் அறிந்தது. முப்பது நாற்பது கிலோ எடையில் ஒரு குட்டி இரவில் திறந்த வெளியில் படுத்திருந்தால் அதைச் சிறுத்தையின் மேல் குற்றம் சொல்ல முடியாது. மேல் பாதியைத் திறந்து வையுங்கள் என்றேனே, அந்த இடத்தில் கம்பி வலை அடித்துவிடுங்கள். காற்று வரும், சிறுத்தை வராது.

கொட்டிலைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. கீழே அடை, மேலே திற, அதுதான் கணக்கு. தரையிலிருந்து நாலு அடி உயரம் வரைக்கும் பலகையோ தகரமோ இடைவெளி இல்லாமல் அடித்தால் படுத்திருக்கும் குட்டி மேல் காற்று வீசாது. அதற்கு மேலே கூரை வரை திறந்திருந்தால் சூடான ஈரக் காற்றும் நெடியும் மேலேறி வெளியே போகும். சாரல் அடிக்கும் தென்மேற்குப் பக்கம் மட்டும் மேலேயும் மறைப்பு வேண்டும், ஆனால் கூரை ஓரத்தில் ஒரு அடியாவது திறந்து விடுங்கள். இரண்டு தாய்களையும் ஒரே இடத்தில் விடாமல் நடுவில் தடுப்பு வைத்தால் நல்லது, குட்டியைக் காக்கும் வேகத்தில் ஒன்று உதைத்தால் அடி படுவது மற்றதன் குட்டிக்குத்தான். ஒரு தாய்க்கும் குட்டிக்கும் குறைந்தது 12 அடிக்கு 12 அடி. லயத்து அறை அளவு குதிரைக்கும் போதாது, நமக்கும் போதாது.

தரை காய்ந்திருக்கிறதா என்பதுதான் நான் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி. சின்னக் குட்டி நாளில் பாதியைப் படுத்தே கழிக்கும். காய்ந்த மானாப்புல், மர ஆலையிலிருந்து வரும் இழைப்புச் சுருள், வெலிமடைப் பக்கமிருந்து வரும் வைக்கோல், எது கிடைத்தாலும் சரி, அரை அடி கனத்துக்குப் போட்டு, காலையும் மாலையும் ஈரமானதை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முட்டியை அதில் அழுத்தி வைத்து எடுத்துப் பாருங்கள். கால்சட்டை நனைந்தால் குட்டியும் நனைகிறது. தரை ஒரு பக்கமாகச் சரிந்து மூத்திரம் வடிகானுக்கு ஓட வேண்டும். நெடிக்கு மருந்து என்று சுண்ணாம்பு தூவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, தயவுசெய்து ஈரத் தரையில் தூவாதீர்கள். மூத்திரத்தில் சுண்ணாம்பு பட்டால் அமோனியா அடங்காது, இன்னும் வேகமாகக் கிளம்பும். குட்டியின் காலையும் மூக்கையும் வேறு எரிக்கும். வாரிக் கழுவிக் காய வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

கொட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மண் வெட்டிய மேட்டின் அடியில் நிற்கிறதென்றால் இதையெல்லாம் விட அது முக்கியம். மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையைப் பார்த்தவர்கள் நாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினாலே தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மண்சரிவுக்கு விழிப்பாக இருக்கச் சொல்கிறது, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறச் சொல்கிறது. அப்படி ஒரு நாளில் பூட்டிய கொட்டிலில் குதிரையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கிளம்ப நேரிட்டால், கதவைத் திறந்துவிட்டுப் போங்கள். அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

அடைத்து வைக்கும் நாட்களில் தீவனத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். பால் கொடுக்கும் குதிரைக்கு முதல் இரண்டு மூன்று மாதம் சாதாரண நாளை விடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு சத்து வேண்டும். வெள்ளச்சி ஒரு 250 கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொண்டால் ஈரமெல்லாம் போக 6, 7 கிலோ காய்ந்த தீவனம் அவளுக்குள் போக வேண்டும். மழையில் வளர்ந்த இளம் புல்லில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர்தான், ஆக 40 கிலோவுக்கு மேல் அறுத்துப் போட்டால்தான் கணக்கு சரியாகும். ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு நிறைய சாப்பிட்டாள் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் வைக்கோல் சேர்த்துக் கொடுங்கள், பூஞ்சை வாடை அடித்தாலோ உதறும்போது தூசு பறந்தாலோ வேண்டாம், அந்தத் தூசு நேராக நெஞ்சுக்குத்தான் போகும்.

சந்தையிலிருந்து மரக்கறிக் கழிவு கொண்டுவந்து போடுவதும் உண்டு. கரட் கொடுங்கள், அளவோடு. லீக்ஸ் இலை வேண்டவே வேண்டாம், அது வெங்காயக் குடும்பம், குதிரையின் இரத்த அணுக்களை உடைக்கும். பச்சை பட்ட உருளைக்கிழங்கும் அதன் செடியும் விஷம். தவிட்டைக் கொட்டிக் கொட்டிப் போடுவதையும் குறையுங்கள். நம் பக்கம் எங்கு பார்த்தாலும் கிகுயு புல், அதில் இருக்கும் ஒக்சலேட் கல்சியத்தைக் கட்டிப்போடும், தவிட்டில் இருக்கும் பொஸ்பரஸ் அதற்கு மேல் கல்சியத்தைப் பின்னுக்குத் தள்ளும். பால் வழியாக வேறு கல்சியம் போய்க்கொண்டே இருக்கும் நேரம் இது. இப்படியே வருடக்கணக்கில் போனால் முக எலும்பு வீங்கி, கால் பிடித்துக்கொண்டு நடக்கும் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். தீவனத்தில் கலக்கும் கல்சியம் தூள் பற்றி வைத்தியரிடம் அளவு கேட்டு வாங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்க வேண்டாம்.

சேறு பற்றி. வெளியே விட்டுக் கூட்டி வந்ததும் வெள்ளச்சியின் மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் குட்டி பாலோடு சேற்றையும் சேர்த்தே விழுங்கும். இந்த ஒன்பது நாளிலிருந்து இரண்டு வாரம் வரைக்கும் குட்டிக்கு லேசான கழிச்சல் வருவது சாதாரணம், தாய் முதல் தடவை சினைக்கு வரும் சமயத்தோடு ஒத்து வரும், குட்டி துள்ளிக்கொண்டு பால் குடித்தால் பயமில்லை. துவண்டால் பயப்படுங்கள். தாயின் சாணியைக் குட்டி தின்றாலும் தடுக்க வேண்டாம், அதுவும் வழக்கம்தான். குளம்பை தினமும் தூக்கிப் பார்த்து மண்ணை நோண்டி எடுங்கள். கறுப்பாய், அழுகிய வாடையோடு இருந்தால் குளம்பழுகல் தொடங்கிவிட்டது. முதுகில் மயிர் சின்னச் சின்னக் கொத்தாகத் தூக்கி நின்று, பிடித்து இழுத்தால் பொருக்கோடு கையில் வந்தால் அது மழைப்புண், காய்ந்த இடமும் சுத்தமும்தான் முதல் மருந்து. வாசலில் குதிரைகள் மிதித்து மிதித்துச் சேறாகும் இடத்தில் இரண்டு டிராக்டர் சல்லி கொட்டினால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

பூச்சி மருந்தை வைத்தியர் சொல்லும் நாளில் கொடுங்கள். உள்ளே அடைத்தால் பூச்சி வராது என்று மட்டும் நம்பாதீர்கள், குட்டிகளைத் தாக்கும் பெரிய உருண்டைப் புழுவின் முட்டை பிசின் மாதிரி கொட்டில் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கடைசியாக ஒன்று, இது இந்த வாரமே முடிவு செய்ய வேண்டியது என்பதால் சொல்கிறேன். வெள்ளச்சி இப்போது சினைக்கு வரும் நாள். பக்கத்தில் ஆண் குதிரை இருந்தால் சேர்த்துவிடத் தோன்றும், யாராவது வந்தும் சொல்வார்கள். வேண்டாம். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 340 நாள், இப்போது சேர்த்தால் அடுத்த வருடம் வைகாசியில், மழை பிடிக்கும் அதே சமயத்தில் குட்டி விழும், இதே கடிதத்தை நீங்கள் மறுபடி எழுதுவீர்கள். பங்குனியில் சேர்த்தால் அடுத்த மாசியில் குட்டி. நம் மேற்குச் சரிவில் மழை குறைந்த மாதங்கள் மாசியும் பங்குனியும்தான், அதிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் காய்ந்த குளிர். மழை பிடிப்பதற்குள் குட்டிக்கு மூன்று மாதம் ஆகிவிடும். அந்த வருடம் சித்திரை சீசனில் வெள்ளச்சியைச் சவாரிக்கு எடுக்க முடியாது, அது நஷ்டம்தான், தெரிந்தேதான் சொல்கிறேன்.

மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று சங்கடப்படுவீர்கள். அவர் குட்டி மேல் இருக்கும் அக்கறையில்தான் சொன்னார், அந்த அக்கறையில் தவறில்லை. இன்று இரவு அவரையும் கொட்டிலுக்குக் கூட்டிப் போய் குட்டியின் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது. காலை மாலை எடுத்த குட்டியின் சூட்டை ஒரு கொப்பியில் மூன்று நாள் குறித்து, கொட்டிலின் மேல் பக்கம் எத்தனை அடி திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.